லினக்ஸில் ஏஎம்டி வேகா திடீரென்று மந்தமானால்: ஜிபியு ப்ரீஎம்ப்ஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஆகஸ்டில் வெளியான லினக்ஸ் கெர்னல் 6.5, ஏஎம்டியின் ஜிஎஃப்எக்ஸ்9 குடும்பச் சில்லுகளில், அதாவது வேகா வகை ஜிபியுக்களில் (கிராஃபிக்ஸ் சில்லுகளில்), ஒரு வசதியைத் தானாகவே இயக்கிவிட்டது. அதன் பெயர் மிட் கமாண்ட் பஃபர் ப்ரீஎம்ப்ஷன், சுருக்கமாக எம்சிபிபி. அதே ஆண்டு டிசம்பரில் அதை மறுபடியும் அணைத்தார்கள். ஆனாலும் "கெர்னல் மாற்றியதிலிருந்து கேம் திக்குகிறது" என்ற புகார் வரும்போதெல்லாம் இந்தப் பெயர் அடிபடுகிறது. பாதி நேரம் இது குற்றவாளியே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தப் பக்கம்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

ப்ரீஎம்ப்ஷன் என்றால் என்ன?

ஒற்றைத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. பின்னால் எக்ஸ்பிரஸ் வருகிறது. கூட்ஸை வழியில் ஒரு ஸ்டேஷனில் லூப் லைனில் ஒதுக்கி நிறுத்திவிட்டு எக்ஸ்பிரஸை விடுகிறார்கள். ஜிபியுவிலும் இதே கதைதான். ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நடுவில் நிறுத்தி, அதன் நிலையை மெமரியில் எழுதி வைத்து, அவசர வேலையை முடித்துவிட்டு, பழையதை விட்ட இடத்திலிருந்து தொடர்வது.

நினைத்த இடத்தில் கூட்ஸை ஒதுக்க முடியாது, லூப் லைன் இருக்கும் ஸ்டேஷன் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஜிபியுவும் அப்படித்தான். சில சில்லுகளில் ஒரு கமாண்ட் பஃபர் (நிரல் ஜிபியுவுக்கு அனுப்பும் கட்டளைத் தொகுப்பு) முழுதும் முடிந்தால்தான் நிற்கும், சிலவற்றில் ஒரு டிரா (வரையச் சொல்லும் ஒற்றைக் கட்டளை) முடிந்ததும் நிற்கும், சிலவற்றில் பிக்சல் அளவிலேயே நிற்கும். ஸ்டேஷன்கள் நெருக்கமாக இருந்தால் எக்ஸ்பிரஸ் சீக்கிரம் போகும். ஆனால் கூட்ஸ் அடிக்கடி பிரேக் போட்டு, அடிக்கடி கிளம்ப வேண்டிவரும்.

அப்படியானால் அது வேகத்தைக் கூட்டத்தானே வேண்டும்? ஏன் குறைகிறது?

ப்ரீஎம்ப்ஷன் யாருக்கும் புதிதாக நேரம் தருவதில்லை. ஒருவரின் காத்திருப்பை எடுத்து இன்னொருவர் தலையில் வைக்கிறது, கூடவே நிறுத்தி எழுப்பும் செலவையும் சேர்க்கிறது. சுட்டி நகர்வும் சாளரம் இழுப்பதும் வழுக்கிக்கொண்டு போகும், கேமின் ஃப்ரேம் நேரம் ஏறும். "வேகம் குறைந்தது" என்று ஒருவர் சொல்லும்போது முதலில் கேட்க வேண்டியது: எதன் வேகம்? டெஸ்க்டாப்பா, கேமா? கேம் மட்டும் மந்தம், டெஸ்க்டாப் முன்பைவிட மிருது என்றால் சந்தேகம் சரியான திசையில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து மந்தம் என்றால் வேறு இடத்தில் தேடுங்கள்.

6.5-இல் சரியாக என்ன மாறியது?

ஜிஎஃப்எக்ஸ்9 சில்லில் கிராஃபிக்ஸ் வேலைக்கு வன்பொருள் வரிசை ஒன்றுதான். அதன் மேல் டிரைவர் இரண்டு மென்பொருள் வரிசைகளை வைக்கிறது. சாதாரண வேலைக்கு ஜிஎஃப்எக்ஸ் லோ, முன்னுரிமை வேலைக்கு ஜிஎஃப்எக்ஸ் ஹை. இரண்டையும் பிணைத்து ஒரே வன்பொருள் வரிசைக்குள் தள்ளுகிறது. எம்சிபிபி இயங்கும்போது, ஹை வரிசையில் வேலை வந்தால், லோ வரிசையில் ஓடுவதை நிறுத்தச் சொல்ல டிரைவரால் முடியும்.

எடுத்தவுடன் நிறுத்திவிடுவதில்லை. லோ வரிசையில் முடியாமல் கிடக்கும் வேலைக்கு 10 மில்லி விநாடிக்கு மேல் வயதாகியிருந்தால்தான் கை வைக்கும். இந்த ஒரு விவரம் நோயறிதலில் பெரிய உதவி. ஃப்ரேமுக்கு 5 மில்லி விநாடி மட்டுமே ஜிபியுவை எடுத்துக்கொள்ளும் பழைய கேம் ஏறக்குறைய பாதிக்கப்படாது. 25 மில்லி விநாடி எடுக்கும் கனமான கேம்தான் அடி வாங்கும். ஏற்கெனவே மெதுவாக ஓடியது இன்னும் மெதுவாகும், லேசாக ஓடியது அப்படியே இருக்கும். உங்கள் அனுபவம் இதற்கு நேர்மாறு என்றால், எம்சிபிபி மேல் பழி போடாதீர்கள்.

எந்தெந்தச் சில்லுகள்?

தனிக் கார்டுகளில் 2017-இல் வந்த ஆர்எக்ஸ் வேகா 56, வேகா 64, பிறகு வந்த ரேடியான் செவன். உள்ளமைந்த கிராஃபிக்ஸில் ரைசன் 2200ஜி, 2400ஜி, 3200ஜி, 3400ஜி, 5600ஜி, 5700ஜி, மற்றும் ரைசன் 4000, 5000 தொடர் லேப்டாப்களில் வேகா கிராஃபிக்ஸோடு வந்தவை. ஆர்எக்ஸ் 580 போன்ற போலாரிஸ் கார்டுகளும், ஆர்எக்ஸ் 5700 முதலான ஆர்டிஎன்ஏ கார்டுகளும் இந்த மாற்றத்துக்குள் வரவில்லை. அவற்றில் மந்தம் என்றால் காரணம் வேறு.

டிசம்பரில் ஏன் அணைத்தார்கள்? வேகம் குறைந்ததாலா?

இல்லை. மீசா என்பது நிரல்களுக்கும் கெர்னலுக்கும் நடுவே இருக்கும் கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பு. பழைய மீசாவோடு சேரும்போது ஜிபியு தொங்கிவிட்டது. நடுவில் நிறுத்தித் தொடர்வதற்கு, கமாண்ட் பஃபரை எழுதும் மீசாவும் தன் பங்கைச் சரியாகச் செய்ய வேண்டும். பழைய பதிப்புகளில் அது கூடிவரவில்லை. புதுக் கெர்னல் பழைய யூசர்ஸ்பேஸை (கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களை) உடைக்கக் கூடாது என்பது லினக்ஸ் உலகின் எழுதப்பட்ட விதி போன்றது, அதனால் இயல்புநிலையை அணைத்தார்கள். வசதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. கேட்டால் வரும்.

ஆக, இன்றைய கெர்னலில் எவரேனும் பழைய குறிப்பைப் பார்த்து ஒன்று என்று போட்டு வைத்திருந்தால் மட்டுமே எம்சிபிபி ஓடும். இப்படி மறந்துபோன பூட் ஆப்ஷன்கள் ஏராளம்.

என் கணினியில் அது ஓடுகிறதா?

கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டீமெசெக் கட்டளையின் வெளியீட்டில் "எம்சிபிபி இஸ் எனேபிள்டு" என்ற வரியைத் தேடுங்கள். சூடோவோடு ஓட்டுங்கள், இல்லையென்றால் பல டிஸ்ட்ரோக்களில் ஒன்றும் தெரியாது. வரி இருந்தால் ஓடுகிறது.

அடுத்து, சிஸ் கோப்பகத்தின் மாடியூல் பகுதியில் ஏஎம்டிஜிபியு, அதற்குள் பாராமீட்டர்ஸ், அதற்குள் எம்சிபிபி என்ற கோப்பைப் படியுங்கள். மைனஸ் 1 என்றால் டிரைவரே முடிவு செய்யும், 0 அணைப்பு, 1 இயக்கம். மைனஸ் 1-ஐப் பார்த்துவிட்டு "ஓடவில்லை" என்று முடிவு கட்டுவதுதான் வழக்கமான தவறு. 6.5-இல் மைனஸ் 1 என்றாலே வேகாவில் இயக்கம் என்று பொருள். டீமெசெக் வரியைத்தான் நம்ப வேண்டும்.

சோதனைக்கு முன் எவற்றை விலக்கிவிட வேண்டும்?

மூன்று விஷயங்கள், இதே வரிசையில்.

கிராஃபிக்ஸ் உண்மையிலேயே ஜிபியுவில்தான் ஓடுகிறதா? ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவைப் பெரிய பி ஆப்ஷனோடு ஓட்டி ரெண்டரர் வரியைப் பாருங்கள். எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் எல்லாவற்றையும் சிபியுதான் வரைந்துகொண்டிருக்கிறது. ப்ரீஎம்ப்ஷன் பேச்சுக்கே இடமில்லை.

கடிகார வேகம் ஏறுகிறதா? கேம் ஓடும்போது ஏஎம்டிஜிபியு டாப் அல்லது என்விடாப்பில் எஸ்கிளாக் (ஜிபியுவின் கடிகார வேகம்) எவ்வளவு என்று கவனியுங்கள். பயன்பாடு 99 விழுக்காடு, கடிகாரமோ 200 மெகாஹெர்ட்ஸில் கிடக்கிறது என்றால் அது மின்சக்தி மேலாண்மைக் கோளாறு. வெப்பத்தையும் பாருங்கள். ஏப்ரல் வெயிலில் மின்விசிறி தூசியோடு இருக்கும் லேப்டாப்பில் பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

கெர்னலோடு சேர்த்து மீசாவும் மாறியதா? ஒரே அப்டேட்டில் இரண்டும் வந்திருந்தால், மாற்றத்தைக் கெர்னல் தலையில் கட்டுவதற்குச் சான்றில்லை. பேக்கேஜ் வரலாற்றைப் பாருங்கள்: டெபியன், உபுண்டுவில் ஆப்ட் ஹிஸ்டரி பதிவு, ஃபெடோராவில் டிஎன்எஃப் ஹிஸ்டரி.

உள்ளமைந்த கிராஃபிக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் மெமரி வேகம் பாதியாகும். அது கெர்னல் மாற்றத்தால் வந்ததல்ல. ஆனால் கணினியைச் சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கிய பிறகு ஒரு குச்சி சரியாகப் பொருந்தாமல் போயிருக்கலாம்.

முடிவாகச் சொல்லும் சோதனை எது?

அதே கெர்னல், அதே மீசா, அதே கேம் காட்சி. எம்சிபிபியை மட்டும் மாற்ற வேண்டும்.

க்ரப் பட்டியலில் உங்கள் கெர்னல் மேல் நின்று ஈ விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, ஏஎம்டிஜிபியு, புள்ளி, எம்சிபிபி, சமக்குறி, 0 என்று ஒட்டாகத் தட்டுங்கள். கண்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் பூட் ஆகும். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், அடுத்த பூட்டில் போய்விடும். சோதனைக்கு அதுதான் நல்லது. பிறகு 0-க்குப் பதில் 1 போட்டு இன்னொரு முறை.

ஒவ்வொரு நிலையிலும் மூன்று ஓட்டங்கள், ஓட்டத்துக்கு 60 விநாடி. முதல் ஓட்டத்தைத் தூக்கி எறியுங்கள், ஷேடர்களை (ஜிபியுவில் ஓடும் சிறு நிரல்களை) கம்பைல் செய்யும் வேலை அதைக் கெடுத்துவிடும். பூட் ஆனதும் உடனே ஓட்டாதீர்கள், பின்னணி வேலைகள் அடங்க இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள்.

பழைய கெர்னலையும் புதுக் கெர்னலையும் ஒப்பிட்டு மட்டும் முடிவுக்கு வராதீர்கள். ஒரு கெர்னல் பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். அவற்றில் எம்சிபிபி ஒன்று.

சராசரி எஃப்பிஎஸ் மாறவே இல்லை. கண்ணுக்கு மட்டும் திக்குகிறதே?

சராசரியை விட்டுவிட்டு ஃப்ரேம் நேரத்தைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. 59 ஃப்ரேம் ஒழுங்காக வந்து ஒன்று 50 மில்லி விநாடி எடுத்தாலும் சராசரி அதிகம் அசையாது, கண் மட்டும் உடனே பிடித்துவிடும்.

ஃப்ரேம் நேரத்தைப் பதியும் மேங்கோஹட் என்ற கருவி போதும். இடது ஷிஃப்டும் எஃப்2-வும் சேர்த்து அழுத்தினால் பதிவு தொடங்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். கிடைக்கும் கோப்பில் ஃப்ரேம் நேரப் பத்தியை எடுத்து, மோசமான 1 விழுக்காட்டைத் தனியே பாருங்கள். எம்சிபிபி 0, 1 இரண்டிலும் சராசரி ஒன்றாகவும் மோசமான 1 விழுக்காடு தெளிவாக வேறாகவும் இருந்தால், நிறுத்தி எழுப்பும் செலவு அங்கேதான் தெரிகிறது.

டெஸ்க்டாப்பே இல்லாமல் சோதிக்க முடியுமா?

முடியும். பலர் தவறவிடும் நல்ல சோதனை அது. ப்ரீஎம்ப்ஷனுக்கு இரண்டு பேர் வேண்டும். தண்டவாளத்தில் ஒரே வண்டி என்றால் யாருக்காகவும் ஒதுங்க வேண்டியதில்லை.

டெஸ்க்டாப்பிலிருந்து வெளியேறி, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போங்கள். சிஸ்டம்சிடிஎல்லில் ஐசோலேட் கொடுத்து மல்ட்டி யூசர் நிலைக்கு மாறினால் காம்போசிட்டர் (சாளரங்களைச் சேர்த்துத் திரையில் வரையும் நிரல்) முற்றிலும் போய்விடும். அங்கே ஜிஎல்மார்க்2 என்ற வேகச் சோதனை நிரலின் டிஆர்எம் (லினக்ஸின் கிராஃபிக்ஸ் துணைப்பகுதி) வடிவத்தையோ, கேஎம்எஸ் முறையில் விகேமார்க்கையோ ஓட்டுங்கள். தனியாக ஓடும்போதும் பழைய கெர்னலைவிட மந்தம் என்றால் ப்ரீஎம்ப்ஷன் காரணமல்ல, தேடலை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

யார் முன்னுரிமை கேட்கிறார்கள்?

பெரும்பாலும் காம்போசிட்டர்தான். கேடிஇயின் கேவின், க்னோமின் மட்டர் இரண்டும் இஜிஎல் வழியாக உயர் முன்னுரிமை கேட்கக்கூடியவை. ஏஎம்டிஜிபியு டிரைவர் எல்லாருக்கும் அதைக் கொடுத்துவிடாது. கேட்பவர் டிஆர்எம் மாஸ்டராக (திரையைக் கட்டுப்படுத்தும் நிரலாக) இருக்க வேண்டும் அல்லது சிஸ் நைஸ் என்ற கேப்பபிலிட்டி (தனி அனுமதி) இருக்க வேண்டும்.

கெட்கேப் கட்டளையால் கேவின் வேலேண்ட் பைனரியைப் பாருங்கள். சிஸ் நைஸ் அதில் இருந்தால், செட்கேப்பில் ஆர் ஆப்ஷன் போட்டு நீக்கிவிட்டு, வெளியேறி உள்ளே வந்து மறுபடி அளக்கலாம். அது போனால் காம்போசிட்டரின் சிபியு முன்னுரிமையும் சேர்ந்து போகும் என்பதால் முடிவைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பேக்கேஜ் அப்டேட் வந்தால் கேப்பபிலிட்டி திரும்ப வந்துவிடும், அல்லது பேக்கேஜை மறுபடி நிறுவினால் போதும்.

உள்ளே நடப்பதை நேரடியாகப் பார்க்க வழி உண்டா?

இரண்டு வழிகள் உண்டு. எளிதானது கெர்னலின் உள்நிலையைக் கோப்புகளாகக் காட்டும் டீபக் எஃப்எஸ். அதில் டிஆர்ஐ, பிறகு உங்கள் கார்டின் எண், அதற்குள் ஏஎம்டிஜிபியு ஃபென்ஸ் இன்ஃபோ என்ற கோப்பு. ரூட்டாகப் படிக்க வேண்டும். ஃபென்ஸ் என்பது ஒரு வேலை முடிந்ததைக் குறிக்கும் அடையாள எண். ஒவ்வொரு வரிசைக்கும் கடைசியாக முடிந்த ஃபென்ஸ், கடைசியாக அனுப்பிய ஃபென்ஸ் என்று இரண்டு எண்கள் இருக்கும். அவற்றின் இடைவெளிதான் இன்னும் முடியாமல் கிடக்கும் வேலை. கிராஃபிக்ஸ் வரிசைகளில் "லாஸ்ட் ப்ரீஎம்ப்டட்" என்று ஒரு வரியும் இருக்கும். கேம் ஓடும்போது அரை விநாடிக்கு ஒரு முறை படித்து, இந்த எண் நகர்கிறதா என்று பாருங்கள். சுழியத்திலேயே கிடந்தால் யாரையும் யாரும் நிறுத்தவில்லை.

இன்னொன்று கெர்னல் நிகழ்வுகளை நேரத்தோடு பதியும் டிரேஸ் சிஎம்டி. ஏஎம்டிஜிபியு, ஜிபியு ஷெட்யூலர், டிஎம்ஏ ஃபென்ஸ் ஆகிய மூன்று நிகழ்வுக் குழுக்களையும் இயக்கி 10 விநாடி பதியுங்கள், அதற்கு மேல் வேண்டாம், கோப்பு பெருத்துவிடும். ஜிபியுவிஸ்ஸில் திறந்து ஒரே ஒரு கேம் ஃப்ரேமை எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் வேலையைக் கொடுத்த நேரம், ஷெட்யூலர் அதை வன்பொருளுக்குத் தள்ளிய நேரம், ஃபென்ஸ் முடிந்ததாகச் சொன்ன நேரம் என மூன்று புள்ளிகள் தெரியும்.

முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே நீளம் என்றால் வேலை வரிசையில் காத்திருந்தது. அது ஷெட்யூலர் பிரச்சினை, அல்லது வேறொரு வேலையின் முடிவுக்காகக் காத்திருப்பு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே நீளம் கூடி, அந்த இடைவெளிக்குள்ளேயே ஹை வரிசையின் சிறு வேலை ஒன்று தொடங்கி முடிந்திருந்தால், அதுதான் ப்ரீஎம்ப்ஷனின் கைரேகை. உள்ளே எதுவும் புகாமல் தானாகவே நீண்டிருந்தால் ஜிபியு மெதுவாக ஓடுகிறது என்று பொருள். கடிகார வேகத்துக்குத் திரும்பிப் போங்கள்.

0 போட்டும் சரியாகவில்லை. அடுத்து?

ஷெட்யூலர் கொள்கையைப் பாருங்கள். டிஆர்எம் ஷெட்யூலர் முன்பு வேலைகளைச் சுற்று முறையில் எடுத்தது, பிறகு முதலில் வந்தது முதலில் என்ற முறை இயல்பாக்கப்பட்டது. பல நிரல்கள் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கும் கணினியில் இதன் பலனும் "கெர்னல் மாற்றியபின் மந்தம்" என்றே தெரியும். ஜிபியு ஷெட் மாடியூலின் ஷெட் பாலிசி என்ற பாராமீட்டரில் 0 சுற்று முறை, 1 முதலில் வந்தது முதலில்.

பின்னணியில் ராக்எம், ஓபன்சிஎல் போன்ற ஜிபியு கணக்கீட்டு வேலை எதுவும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். கம்ப்யூட் வேலைக்கு வரிசைகள் தனி, நிறுத்தித் தொடரும் முறையும் தனி. எம்சிபிபிக்கு அங்கே வேலையில்லை. வீடியோ டீகோடும் தனிப் பகுதியில் நடப்பது: உள்ளமைந்த வேகாவில் அதன் பெயர் விசிஎன், தனி வேகா கார்டுகளில் யூவிடி. யூடியூப் ஓடினால் மட்டும் கேம் திக்குகிறது என்றால், டீகோடு சிபியுவில் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எதுவும் பிடிபடவில்லையென்றால் கிட் பைசெக்ட்தான், அதாவது மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துக் குற்றவாளியைத் தேடும் முறை. இரண்டு அடுத்தடுத்த பதிப்புகளுக்கு நடுவே சுமார் 14 முறை கெர்னல் கட்ட வேண்டும். டிரைவர்ஸ், ஜிபியு, டிஆர்எம், ஏஎம்டி கோப்பகத்துக்குள் மட்டும் தேடச் சொன்னால் எண்ணிக்கை குறையும், ஆனால் குற்றம் வெளியே இருந்தால் தப்பிவிடும்.

மந்தம் இல்லை, திரையே உறைந்துவிடுகிறது?

டீமெசெக்கில் "ரிங் ஜிஎஃப்எக்ஸ் லோ டைம்அவுட்" போல ஒரு வரி வரும். 6.5-இல் பழைய மீசாவோடு இது என்றால் முன்சொன்ன கதைதான். மீசாவைப் புதுப்பியுங்கள் அல்லது எம்சிபிபியை 0 ஆக்குங்கள். முடிந்தால் கெர்னலையே மாற்றிவிடுங்கள், 6.5-க்கான ஆதரவு எப்போதோ முடிந்துவிட்டது.

0 என்று நிரந்தரமாக வைத்துவிடலாமா?

6.5-இலேயே இருந்தாக வேண்டியவர்கள் வைக்கலாம். ஈட்ஸியில் டிஃபால்ட் கோப்பகத்தின் க்ரப் கோப்பில் கமாண்ட் லைன் வரிக்குள் சேர்த்துவிட்டு, உபுண்டுவில் அப்டேட் க்ரப், ஃபெடோராவில் க்ரப்பி. மற்றவர்களுக்கு அவசியமில்லை, இயல்புநிலையே 0 போலத்தான்.

இன்டெல் கிராஃபிக்ஸில்?

ஐ915 டிரைவர் நெடுநாளாகவே ப்ரீஎம்ப்ஷனை நம்பி ஓடுகிறது. அதன் எண்கள் சிஸ் கோப்பகத்தில் கார்டின் எஞ்சின் பகுதிக்குள், ஆர்சிஎஸ்0 போன்ற ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாக இருக்கும். டைம்ஸ்லைஸ் 1 மில்லி விநாடி, ப்ரீஎம்ப்ட் டைம்அவுட் பல சில்லுகளில் 640 மில்லி விநாடி, ஹார்ட்பீட் 2500 மில்லி விநாடி. நிறுத்தச் சொல்லி ப்ரீஎம்ப்ட் டைம்அவுட்டுக்குள் நிற்காத வேலையை டிரைவர் எஞ்சினோடு ரீசெட் செய்துவிடும். டீமெசெக்கில் "ப்ரீஎம்ப்ஷன் டைம் அவுட்" என்று வரும். நீண்ட கம்ப்யூட் வேலை பாதியில் சாவது பெரும்பாலும் இதனால்தான். டைம்அவுட்டை 0 ஆக்கினால் அந்தக் கெடு நீங்கும், ஆனால் தொங்கிய வேலை டெஸ்க்டாப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். புதிய எக்ஸ்இ டிரைவரில் டைம்ஸ்லைஸும் ப்ரீஎம்ப்ட் டைம்அவுட்டும் மைக்ரோ விநாடியில் இருக்கும். அங்கே போய் 640 என்று எழுதிவிட்டு எல்லாம் ரீசெட் ஆகிறதே என்று கேட்காதீர்கள், 640000 எழுத வேண்டும்.

ஸ்கைலேக் தலைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. சில வகை டிராக்களில், உதாரணமாக டிரையாங்கிள் ஃபேன், லைன் லூப், இன்ஸ்டன்ஸ்டு டிரா ஆகியவற்றில், பொருள் நடுவே நிறுத்துவது வன்பொருள் பிழையைத் தூண்டும். அதனால் மீசா அந்த டிராவுக்கு முன் ப்ரீஎம்ப்ஷனை அணைத்து, பிறகு இயக்குகிறது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பைப்லைனை வெறுமையாக்க வேண்டும். இருவகை டிராக்களும் மாறி மாறி வரும் நிரலில், யாரும் யாரையும் நிறுத்தாமலேயே இந்தச் செலவு விழும்.

விண்டோஸில் இதற்கு இணையானது?

2020 மே மாதத்து விண்டோஸ் 10 பதிப்பு 2004-இல் வந்த ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங். டிஸ்ப்ளே அமைப்பில் கிராஃபிக்ஸ் பகுதிக்குள் இருக்கிறது. மாற்றினால் ரீஸ்டார்ட் வேண்டும். மேலே சொன்ன மூன்று ஓட்ட முறையை இதற்கும் அப்படியே பயன்படுத்தலாம். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 ஃப்ரேம் ஜெனரேஷனுக்கு இது இயக்கத்தில் இருக்க வேண்டும், அணைத்துவிட்டு அந்த ஆப்ஷனைக் காணோம் என்று தேடாதீர்கள்.

உங்கள் கார்டு எந்த அளவில் நிற்கும் என்பதை டிஎக்ஸ்டியாக் காட்டும். தகவலைக் கோப்பாகச் சேமித்து, கிராஃபிக்ஸ் ப்ரீஎம்ப்ஷன், கம்ப்யூட் ப்ரீஎம்ப்ஷன் என்ற வரிகளைப் பாருங்கள். ஒரு வேலை 2 விநாடிக்குள் முடியாமலும் நிற்காமலும் போனால் விண்டோஸ் டிரைவரை ரீசெட் செய்யும், ஈவென்ட் வியூவரில் 4101 என்று பதிவாகும். ரெஜிஸ்ட்ரியில் இந்தக் கெடுவை, அதாவது டிடிஆர் டிலேயை, 60 விநாடி ஆக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. அது நோயைத் தீர்க்காது, 2 விநாடி உறைவதை 60 விநாடி உறைவாக்கும்.

பிழை அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஃப்ரீடெஸ்க்டாப் கிட்லேபில் டிஆர்எம் பிரிவின் ஏஎம்டி பகுதியில் பதியுங்கள். பூட்டிலிருந்து முழு டீமெசெக், வெட்டி ஒட்டிய பத்து வரி அல்ல. ஜிபியு, கெர்னல், மீசா, காம்போசிட்டர் ஆகியவற்றின் சரியான பதிப்பு எண்கள். எம்சிபிபி 0, 1 இரண்டிலும் எடுத்த மேங்கோஹட் பதிவுகள். 10 விநாடி டிரேஸ், அதில் திக்கிய நொடி எது என்ற குறிப்போடு. டிஸ்ட்ரோவின் சொந்த ஒட்டுகள் இல்லாத மூலக் கெர்னலிலும் அதே பிரச்சினை வருகிறதா என்பதை ஒரு வரியில் எழுதுங்கள், முதல் பதிலில் உங்களிடம் கேட்கப்போவது அதைத்தான்.